முட்டுக்கட்டை நழுவுமா?

கேள்வி: இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் உராய்வுக் கணக்கு என்றாலே ‘மியூ பெருக்கல் என்’ போடுகிறேன். பாதி தப்பாகிறது. ஏன்?
– முதலாண்டு மாணவர், திருவரங்குளம்

பதில்: அந்தப் பெருக்கல் தருவது உராய்வின் உச்சவரம்பை மட்டுமே. 500 நியூட்டன் எடையுள்ள பெட்டி சமதளத்தில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. வரம்பு 200 நியூட்டன். நீங்கள் கிடையாக 120 நியூட்டன் விசையில் இழுத்தால் உராய்வும் 120தான், 200 அல்ல! 200ஐத் தாண்டி இழுத்தால்தான் பெட்டி நகரும்.

ஆகவே, முதலில் ஃப்ரீ பாடி டயகிராம் வரையுங்கள். பொருள் நகரவில்லை என்று வைத்துக்கொண்டு, சமநிலைக்குத் தேவையான உராய்வைக் கண்டுபிடியுங்கள். பிறகு வரம்போடு ஒப்பிடுங்கள். தேவை வரம்புக்குள் இருந்தால் அதுவே விடை. மீறினால் பொருள் நழுவும், இயக்க உராய்வுக் குணகத்துக்கு மாறுங்கள். ‘நழுவும் தறுவாயில்’ என்று கேள்வியிலேயே இருந்தால் மட்டும் நேரே பெருக்கலாம்.

ஆப்புக் கணக்குக்குத் தேரோட்டத்தைப் பாருங்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் தேரை நிறுத்துவதும் திருப்புவதும். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டைக்கு வேலை உண்டு. கட்டையின் எடையைத் தள்ளிவிட்டால், அதன் மேல், கீழ்ப் பரப்புகளுக்கிடையேயான கோணம், இரு பரப்புகளின் உராய்வுக் கோணங்களின் கூட்டுத்தொகைக்குள் இருக்கும்வரை அது பிதுங்கி வெளியே வராது. குணகம் 0.4 என்றால் உராய்வுக் கோணம் சுமார் 21.8 பாகை. தரையில் எண்ணெயோ சேறோ இருந்தால் அந்தக் கோணம் சுருங்கும்; கட்டை நழுவும்.

இன்னொன்று: உராய்வின் திசையை, பொருள் எந்தப் பக்கம் நழுவப் பார்க்கிறதோ அதற்கு எதிராகக் குறியுங்கள். மதிப்பெண் பெரும்பாலும் போவது அங்கேதான்.