வேனின் பின்கதவு சரியாக மூடவில்லையா?

செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு கடலோர ஊரான மணப்பாடு வருகிற குடும்பங்களில் பழைய ஓம்னி வேனை நம்பி வருகிறவர்கள் இன்னும் உண்டு. 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. உப்புக்காற்றில் நிற்கிற எந்தப் பழைய வேனுக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

1. புழுதியை விடப் புகைக்குத்தான் பயப்பட வேண்டும். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை அங்கேயே சுழன்று, கதவு இடுக்கு வழியே உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. பின்சீட்டுப் பிள்ளைகள் தலைவலி, குமட்டல் என்றால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, இறக்கிக் காற்றாட உட்கார வையுங்கள். நீளமான சாமான் ஏற்றி, டிக்கியைத் திறந்து கட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது.

2. குதிரைமொழித் தேரியின் செம்மண் பக்கம் போய்வந்தால் ரப்பர் பீடிங்கை உடனே துடைக்காதீர்கள். செம்மண் எந்த இடத்தில் ரப்பரைத் தாண்டி உள்பக்கம் கோடு போட்டிருக்கிறதோ, அங்கேதான் இடைவெளி. சந்தேகம் இருந்தால் செய்தித்தாள் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை.

3. ரப்பர் வாங்க ஓடுமுன் லாக் கொக்கியைப் பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு அங்கேதான். இப்போதுள்ள இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, கொக்கியைத் துளி உள்ளே தள்ளி முறுக்குங்கள். மறுபடி காகிதச் சோதனை. அறைந்து சாத்தினால்தான் மூடுகிறது என்றால் அதிகம் தள்ளிவிட்டீர்கள்.

4. நகத்தால் அழுத்திய பள்ளம் எழும்பாவிட்டால் ரப்பரை மாற்றத்தான் வேண்டும். இணைப்பு கீழ்ப்பக்கம் நடுவில் வரட்டும். இழுத்துப் பிடித்துப் பொருத்தினால் பிறகு சுருங்கி, மூலையில் வாய் பிளக்கும்.

5. ரப்பர் உட்காரும் தகர விளிம்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பீடிங் போடுங்கள்.

6. ரப்பருக்கு மண்ணெண்ணெய், கிரீஸ் வேண்டாம்; உப்பிப் போகும். நல்ல தண்ணீரில் கழுவி, சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும்.

7. கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். ஒழுகுகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள். மழைநீர் வெளியேறும் வழி அதுதான். மணல் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டியானால், ஐஸ் தண்ணீர் தேங்கும் தரையையும் கதவின் கீழ்விளிம்பையும் அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள்.