பன்றிக்குட்டிக்கு எவ்வளவு துத்தநாகம்?

பால் மறக்கடிக்கும் நாட்கள்தான் பன்றிக்குட்டிக்குப் பெரிய சோதனை. தாய்ப்பால் தந்த பாதுகாப்பு நின்றுவிடும். சொந்த நோய் எதிர்ப்பு சக்தியோ இன்னும் முழுசா வளர்ந்திருக்காது. தீவனமும் மாறுவதால் குடலில் ஈ.கோலி பெருகி வயிற்றுப்போக்கு வரும்.

இங்கேதான் துத்தநாகம், அதாவது ஜிங்க், உதவுது. குடல் சுவர் உறுதியா இருக்கவும், நோயை எதிர்க்கும் டி செல்கள் வளரவும் அது வேணும். இதற்குக் கிலோ தீவனத்தில் சுமார் 100 மில்லிகிராம் போதும். ஆனால் ஐரோப்பியப் பண்ணைகளில் வயிற்றுப்போக்கைத் தடுக்க 2,500 மில்லிகிராம் வரை இரண்டு வாரம் கொடுத்தாங்க. பலனும் கிடைச்சுது. ஆனா உடம்பு ஏற்காத மீதியெல்லாம் கழிவோடு வயலில் சேர்ந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பரவவும் வழியாச்சு.

அதனால 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தளவைத் தடை செய்தது. தீவனத்தில் இப்போ 150 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மீதி வேலையைச் சுத்தமான கொட்டிலும், சற்றுத் தாமதமாகப் பால் மறக்கடிப்பதும்தான் செய்யணும்.