வழிகாட்டி நூலைப் பெயர்த்தெழுதுதல்

ஒரு நாட்டாருக்கென எழுதிய பயண வழிகாட்டி நூலை மற்றொரு நாட்டாருக்காக மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குச் சொல் வைத்தால் மட்டும் போதாது. கதையில் ஒரு சொல் பிழைத்தால் வாசகர் முகம் சுளிப்பார். வழிகாட்டியில் பிழைத்தாலோ, பூட்டிய கதவின் முன் மூட்டையும் முடிச்சுமாக நிற்பார்.

நம் திருவொற்றியூரையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று மேனாட்டு வழிகாட்டிகள் பொதுவாகக் கூறும். நமக்கோ பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். இதைத் திருத்தாமல் வேறொரு மொழியில் பெயர்த்தால், அதை நம்பி வருபவர் குடையின்றி வந்து இறங்குவார்.

தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீசுவரர் மீதுள்ள கவசத்தை ஆண்டில் மூன்றே நாட்கள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, அகற்றுவார்கள். தமிழருக்குக் 'கார்த்திகைப் பௌர்ணமி' என்றாலே போதும். அயல்நாட்டாருக்கு அது விளங்காது. இவ்வாண்டின் ஆங்கிலத் தேதியை அச்சிட்டாலோ, அடுத்த ஆண்டு அது பொய்யாகிவிடும். 'நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் வரும் முழுநிலவு. தேதி ஆண்டுதோறும் மாறும். முன்கூட்டிக் கேட்டறிக' என்று எழுதுவதே முறை.

இராயபுரத்தைக் காண்போம். அங்கே அர்ச். இராயப்பர் ஆலயம் இருக்கிறது. பீட்டர் என்பவரையே நம் முன்னோர் இராயப்பர் என்றனர் என்று ஒரு வரி சேர்த்தால், அயலாருக்கு ஊர்ப் பெயரின் கதவும் திறக்கும். நமக்கு அந்த வரி வேண்டாம்.

இனி எதிர்த்திசையில், ரோமாபுரி வழிகாட்டியைத் தமிழாக்குவதாகக் கொள்வோம். பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை, சேலை கட்டிச் செல்லும் நம் அன்னையருக்கு ஏறக்குறையத் தேவையில்லை. ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு வரியை நாம் சேர்த்தாக வேண்டும்: 'காலணியைக் கழற்ற வேண்டாம்.' வேளாங்கண்ணியில் வாசலிலேயே செருப்பை விட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்! இருபது பாகை வெப்பம் இதமானது என்று அந்நூல் சொல்லுமிடத்தில், 'கம்பளிச் சட்டை கொண்டு செல்க' என்று நாம் எழுதுவோம்.

வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ்நாட்டு வயலும் சோலையுமாகவே பாடினார். காப்பியத்துக்கு அது அழகு; அதைக் கையிலேந்தி யாரும் பெத்லகேமில் பேருந்து தேடப் போவதில்லை. வழிகாட்டி எழுதுபவருக்கு அந்த உரிமை கிடையாது.

எண்ணூர்தான் மிகக் கடினமான பாடம். ஆங்கிலேயர் காலத்தில் அது ஓய்வுக்கும் படகு உலாவுக்கும் பேர்பெற்ற இடம். பழைய நூல்களின் புகழுரையை அப்படியே பெயர்த்தால் அது ஏமாற்று. அனல் மின்நிலையங்களும் துறைமுகமும் அங்கே எழுந்துவிட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவி, மீனவர் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. சுற்றுலாவுக்கு உதவாது என்று எண்ணூரையே நீக்கிவிடலாமா? நீக்கலாகாது என்பதே நம் கருத்து. கழிமுகத்தையும், அங்கே இன்றும் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் மக்களையும், புகைபோக்கிகளையும் ஒரே பக்கத்தில் எழுதலாம். போவதா வேண்டாமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.