நான்கு வினாக்கள், ஓர் ஏரி

போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இன்று பல இல்லங்களில் உள்ளனர். அவர்கள் படிக்கும் பொது அறிவு நூல்களில் பூங்கா, உணவு, விளையாட்டு, சுற்றுச்சூழல் ஆகியவை தனித்தனி இயல்களாக இருக்கும். இம்முறை ஒவ்வோர் இயலிலிருந்தும் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். விடைகளைப் படிக்குமுன் வீட்டில் உள்ளோரையும் கேட்டுப் பாருங்கள்.

1. உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா எது?
2. மணிப்பூரின் மாநில மீன் எது?
3. இன்றைய போலோ, எந்த இந்திய ஆட்டத்திலிருந்து உருவானது?
4. மான்ட்ரூ பதிவேட்டில் 1993ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட மணிப்பூர் ஏரி எது?

நான்கிற்கும் விடை மணிப்பூரில், லோக்டாக் ஏரியிலும் அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்கிலும் உள்ளது.

பூங்கா: முதல் விடை கெய்புல் லம்ஜாவோ. லோக்டாக் ஏரியில் ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த இது, 1977இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. செடிகொடிகளும் மட்கிய இலைகளும் மண்ணும் பின்னிப் பிணைந்த மிதவைத் திட்டுகளே இதன் தரை. இவற்றைப் ‘பும்டி’ என்பர். திட்டின் ஐந்தில் ஒரு பங்கு நீருக்கு மேலும் எஞ்சியது நீருக்கு அடியிலும் இருக்கும். இதன்மீதுதான் சங்காய் மான்கள் நடமாடுகின்றன. 1951இல் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இந்த மான், பின்னர் இங்கே மீண்டும் காணப்பட்டது. 1975இல் 14 மான்களே எண்ணப்பட்டன. 2016 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 260 ஆக உயர்ந்தது.

உணவு: மாநில மீன் பெங்பா. மணிப்பூர் மக்கள் விரும்பி உண்ட இம்மீன், மியான்மரின் சிந்துவின் ஆற்றுப் பக்கமிருந்து நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி லோக்டாக்கை வந்தடைந்தது. இம்மக்களின் அன்றாடச் சமையலில் ‘ஙாரி’க்குத் தனி இடமுண்டு. சிறு மீன்களைக் கருவாடுபோல் வெயிலில் உலர்த்தி, மண்பானையில் அடைத்துப் பல மாதம் புளிக்கவைத்து இதனைச் செய்கின்றனர். வேகவைத்த காய்களையும் மிளகாயையும் இதனுடன் மசித்தால் ‘எரோம்பா’ ஆகும்.

விளையாட்டு: மூன்றாம் விடை ‘சகோல் காங்ஜெய்’. சகோல் என்றால் குதிரை. அணிக்கு எழுவர் ஆடும் இவ்வாட்டத்தைக் கண்டு பழகிய ஆங்கிலேயர், 1859இல் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தனர்; அங்கிருந்து ஆட்டம் உலகெங்கும் பரவியது. ஆட்டத்திற்குரிய மணிப்பூர் மட்டக்குதிரைகள் ஈரநிலங்களில் மேய்பவை. அந்நிலங்கள் சுருங்கச் சுருங்க, குதிரைகளும் குறைந்துவருகின்றன.

சுற்றுச்சூழல்: நான்காம் விடை லோக்டாக்கே. 1990இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட ஏரி, மூன்றே ஆண்டுகளில் மான்ட்ரூ பதிவேட்டிலும் இடம்பெற்றது. இயல்பு கெட்டுவரும் ஈரநிலங்களின் பட்டியல் அது. காரணங்களுள் முதன்மையானது 1983இல் இயங்கத் தொடங்கிய இத்தாய் தடுப்பணை. 105 மெகாவாட் நீர்மின் நிலையத்திற்காக ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்த்தி வைக்கப்படுகிறது. பெங்பாவின் வழி அடைபட்டது. கரையோர வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் நீரில் மூழ்கின.

திட்டுகளுக்கு நேர்ந்ததைச் சற்று விளக்கவேண்டும். முன்பு கோடையில் நீர் வற்றும்போது திட்டுகள் ஏரியின் அடித்தரையில் அமரும். வேர்கள் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் திட்டுகள் மீண்டும் மேலெழும். இப்போது நீர் போதிய அளவு வற்றாததால், வேர்கள் தரையைத் தொடுவது அரிதாகிவிட்டது. திட்டுகள் மெலிகின்றன. மெலிந்த திட்டு மானின் எடையைத் தாங்காது. காட்டுச் சூழலில் சங்காய்க்கு இதைவிட்டால் வேறு இடமும் இல்லை.

வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு இக்கணக்கு புதிதன்று. வட்டியை எடுத்துச் செலவிடலாம்; முதலில் கை வைத்தால் நாளடைவில் இரண்டும் இராது. அந்த ஏரிக்கு நீர் வற்றும் காலமே வரவு வைக்கும் காலம். மின்சாரமும் தேவை, மானும் தேவை. ஆண்டில் சில வாரமேனும் நீரைத் தாழவிட்டு இரண்டையும் காக்க முடியுமா என்பதே மணிப்பூரின் முன் நிற்கும் கேள்வி.

பிள்ளைகள் நான்கு விடைகளையும் மனப்பாடம் செய்யட்டும். அவற்றை இணைக்கும் இந்த ஐந்தாம் வினாவையும் அவர்களோடு பேசிப் பாருங்கள்.