ஈரத் தோட்டத்தில் வசம்பு

கிணற்றடியில் எப்போதும் சேறு தேங்குகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அத்தகைய இடத்தையே விரும்பி, ஆண்டுக்கணக்கில் நிலைத்து வளரும் மூலிகை ஒன்று உண்டு. அதுவே வசம்பு.

தாவரவியலார் இதனை அக்கோரஸ் கலாமஸ் என்பர். முன்பு சேம்பின் குடும்பமான அரேசியில் வைக்கப்பட்டிருந்த இது, இன்று அக்கோரேசி என்னும் தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுகிறது. வாள் போன்ற இலைகளைக் கசக்கினால் மணம் வீசும். மண்ணுக்குள் கிடையாக ஓடும் கிழங்கே நமக்குப் பயன்படுவது.

வளர்ப்பு முறை எளிது. களிமண் நிலத்தைச் சேறாக்கித் தொழுவுரம் இட்டு, முளையுள்ள கிழங்குத் துண்டுகளை ஓர் அடி இடைவெளியில் நடவேண்டும். நிலம் காயலாகாது. ஏறத்தாழ ஓராண்டில் இலைகள் மஞ்சளித்து உலரும்போது கிழங்கை அகழ்ந்து, நறுக்கி உலர்த்தலாம். முளையுள்ள துண்டுகளை மீண்டும் நட்டால் அடுத்த பயிர் ஆயத்தம்.

'பிள்ளை வளர்ப்பான்' எனப்படும் இதனைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவது நம் வழக்கம். ஆனால், இதன் எண்ணெயிலுள்ள பீட்டா-அசரோன் ஆய்வில் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியது. அமெரிக்க அரசு 1968-ல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. நம் நாட்டு வசம்பில் அப்பொருள் மிகுதி. ஆகவே, மருத்துவரைக் கேளாது பிள்ளைக்குக் கொடுத்தல் தகாது. விதைக்கு வைத்த பயற்றில் வண்டு அண்டாமல் காக்க இதனைப் பயன்படுத்துவோம். வழக்கத்தைப் போற்றுவோம், ஆராய்ந்து போற்றுவோம்!