கறுப்புக் கவரில் போடாத பதில்

வேங்கிக்கால்

அன்புள்ள மருமகளே,

அன்றைக்குப் போனில் நீ கேட்டபோது பக்கத்தில் மாமா இருந்தார், மழுப்பிவிட்டேன். “தோழிக்காகக் கேக்குறேன் அத்தை” என்றாய். எந்தத் தோழி என்று நான் கேட்கப் போவதில்லை.

நேற்று சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண் நாப்கின் கேட்டாள். கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வாயையும் முடிந்து கொடுத்தார், என்னவோ திருட்டுச் சாமான் மாதிரி. என் முறை வந்ததும் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டேன். என் நரையை ஒருதரம் பார்த்துவிட்டு, “அதெல்லாம் வர்றதில்லம்மா” என்றார்.

2005 முதலே அதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகளில் பல வருஷமாக அது அரிதுதான். அதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைப்பவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. இரண்டும் வேறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும்; தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பால்வினை நோயை அது தடுக்காது, அதற்கு ஆணுறைதான். கலைப்பு மாத்திரையை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று டாக்டரைப் பார்க்காமல் விழுங்கக் கூடாது.

சுவீடனில் 1955-லேயே பள்ளிக்கூடத்தில் பாலியல் கல்வி கட்டாயப் பாடம். இங்கிலாந்தில் கில்லிக் என்ற தாய், பதினாறு நிறையாத பிள்ளைக்குப் பெற்றோரைக் கேட்காமல் கருத்தடை தரக் கூடாதென்று வழக்குப் போட்டார். விஷயம் புரிந்த பிள்ளைக்கு டாக்டர் தரலாம் என்று 1985-ல் தீர்ப்பு. பிரான்சில் 2022 முதல் 25 வயது வரை பெண்களுக்குக் கருத்தடை இலவசம். நாம் மட்டும் பின்தங்கியவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார் பெரியார். மற்றவர்கள் உடல்நலம், வறுமை என்று காரணம் சொன்னபோது அவர் சொன்னது பெண்ணின் விடுதலை. உன் அப்பா அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் படி.

நம் சட்டம் கொஞ்சம் சிக்கல். 2012 போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே சம்மதம் செல்லாது. டாக்டர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்திலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் நாள் கடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி செய்தது. அப்படிப்பட்ட பெண் கருக்கலைப்புக்கு வந்து, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் தர வேண்டியதில்லை. யாராவது வற்புறுத்தியிருந்தால் 1098-க்குப் போன் போடலாம், காசு கிடையாது.

தோழிக்கு நாள் தள்ளியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல். பௌர்ணமி வரை காத்திருக்க வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸே கிடைக்காது. நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வா. பெரியாஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன், மாமாவிடம் கண் பரிசோதனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அத்தை