குப்பனும் வஞ்சியும் கிரிக்கெட்டும்



கிரிக்கெட் என்றால் நம் வகுப்பில் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும். பகுத்தறிவு இலக்கியம் என்றால் முதல் பெஞ்சே தூங்கிவிடும். இரண்டையும் சேர்த்து எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியார் 1925-ல் 'குடி அரசு' இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியராக இருந்த சுப்புரத்தினம் முருகன் மீது துதிப் பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வந்த பிறகு அவர் எழுத்தே மாறிப்போனது. அவர்தான் பாரதிதாசன். 1930-ல் வெளிவந்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' அந்த மாற்றத்தைக் காட்டும் நூல்.

கதை இதுதான். குப்பனும் வஞ்சியும் காதலர்கள். மலை மேல் இரண்டு மூலிகைகள் இருக்கின்றன. ஒன்றைத் தின்றால் உலகத்தில் எங்கே யார் பேசினாலும் கேட்கும். மற்றொன்றைத் தின்றால் எங்கே நடப்பதும் தெரியும். (ஒன்று ரேடியோ, இன்னொன்று டி.வி. என்று வைத்துக்கொள்ளுங்களேன்!) இருவரும் பல நாட்டவர் பேச்சைக் கேட்கிறார்கள். நடுவே நம் ஊர் பாகவதர் குரல் வருகிறது. அனுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்துத் தூக்குகிறார் என்று அவர் கதை சொல்ல, குப்பன் நடுங்கிப்போகிறான். தான் நிற்கும் மலையையே தூக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டான்! வஞ்சி சிரிக்கிறாள். அது கதாகாலட்சேபம் என்று புரியவைப்பவள் அவள்தான். 1930-ல் ஒரு பெண்ணை அறிவாளியாகவும் ஆணைப் பயந்தாங்கொள்ளியாகவும் வைத்த துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகு அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகமாகி, 1949-ல் படமும் ஆயிற்று. 1952-ல் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் டிக்கெட் வாங்கிக் கேட்ட இலக்கியம் இவை.

இனி கிரிக்கெட். 1983-ல் லார்ட்ஸில் 183 ரன் எடுத்து, வெஸ்ட் இண்டீஸை 140-க்குச் சுருட்டிய பிறகு இந்த ஆட்டம் தெருவுக்குத் தெரு பரவியது. அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனை, இங்கிலீஷ் தெரியாதவர் காதுக்கும் அதைக் கொண்டுவந்தது. கூடவே மூடநம்பிக்கையும் வந்தது. இது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. ஸ்கோர் 111 ஆனால் இங்கிலாந்து அம்பயராக இருந்த டேவிட் ஷெப்பர்ட் ஒற்றைக் காலைத் தூக்குவது வழக்கமாக இருந்தது. கணக்குப்படி பார்த்தால் ஐந்து முறை தலை விழுந்த நாணயத்துக்கும் ஆறாவது முறை வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 2023-ல் நான் பத்தாவது பாஸ் ஆனதும் அப்பா ஒரு ஜோசியரிடம் போனார். படிப்பு இடத்தை சனி பார்க்கிறான், படிப்பு ஏறாது என்று சொல்லிவிட்டாராம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்கு என்னைச் சேர்ப்பதென்று முடிவாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சனி பாக்குதோ இல்லியோ, ஃபீஸ் கட்டற கடைசி தேதி நம்மளப் பாத்துக்கினு இருக்குது. போய் கட்டிட்டு வாய்யா." அப்பா கட்டினார். இப்போது நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு.

அப்படி வந்த நான் 2024 ஜூன் 29 இரவு என்ன செய்தேன் தெரியுமா? பார்படாஸில் உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 24 பந்தில் 26 ரன். தம்பி தண்ணீர் குடிக்க எழுந்தான், பாண்ட்யா பந்தில் கிளாசன் அவுட்! "டேய், அங்கியே நில்லு" என்று வாசற்படியிலேயே அவனை நிறுத்திவிட்டேன். டம்ளரும் கையுமாக ஓவர் முழுக்க நின்றான்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாங்க. "புள்ளைய ஏண்டா நிக்க வெச்சிருக்க?" விஷயத்தைச் சொன்னேன்.

"மேட்சு எங்க நடக்குது?"

"அமெரிக்கா பக்கத்துல ஒரு தீவும்மா."

"அங்க பந்து போடறவனுக்கு ஆவடியில இவன் நிக்கறது தெரியுமா?"

குப்பனாவது எங்கேயோ பேசிய பேச்சு தன் மலையை ஆட்டும் என்று நம்பினான். நான் என் வீட்டு வாசற்படி பார்படாஸை ஆட்டும் என்று நம்பியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. தம்பியை உட்காரச் சொன்னேன். அடுத்த ஓவரில் பும்ரா யான்சனை போல்டாக்கினார்.

"டேய், எழுந்திருக்காதே!" என்று கத்தியது நான்தான்.